செட்: மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மொழிபெயர்ப்பு, மாலையில் ஆங்கில வகுப்பு. இதுதான் என் பிழைப்பு. இரண்டிலும் என்னை அதிகம் அலைக்கழித்தவை நீளமான, வாயில் நுழையாத சொற்கள் அல்ல. அவற்றுக்கு அகராதியைப் புரட்டினால் ஒரு பொருளோ இரண்டு பொருளோ கிடைக்கும், வேலை முடிந்தது. ‘செட்’ மாதிரியான பொடிச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தைத் தேடித் தாவ வேண்டாம் என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

செட் என்ற சொல்லுக்கு 430 பொருள் உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நடுத்தர நாவலின் அளவு அது. கின்னஸ் புத்தகத்தில்கூட இடம்பிடித்தது.

ஆனால் அந்தப் பட்டம் இப்போது கைமாறிவிட்டது. அகராதியைத் திருத்தி மூன்றாம் பதிப்புக்குத் தயார்செய்யும் வேலையில் முதலில் ‘மேக்’ முந்தியது, அப்புறம் ‘புட்’. 2011-ல் ‘ரன்’ என்ற சொல், வினையாக மட்டுமே 645 பொருளோடு முதலிடத்துக்கு வந்தது. அந்த ஒரு சொல்லை அலசி முடிக்க அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆனது. நம் வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும் காலம்.

பொருள் எண்ணிக்கை என்பது எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேசையில் தட்டை வைப்பதும் தரையில் பெட்டியை வைப்பதும் ஒன்றா, இரண்டா? அகராதிக்காரர் இரண்டு என்பார். பேசுகிறவனுக்கு ஒன்றுதான்.

430-ஐயும் எப்படி மனப்பாடம் செய்வது?

செய்யவே வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. அதன் பெயர் ‘வை’.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘செட் தி அலாரம்’ என்றால் அலாரம் வை. ‘செட் ஃபயர்’ என்றால் தீ வை. ‘செட் எ ட்ராப்’, பொறி வை. ‘செட் எ ப்ரைஸ்’, விலை வை. ‘செட் ஃபுட்’, காலடி வை. ‘செட் தி டேட்’ என்பதை நம் வீடுகளில் “கல்யாணத்துக்கு நாள் வெச்சாச்சா?” என்று கேட்கிறோம். சிவப்புக்கல் ‘செட்’ செய்த மோதிரத்தை ஆசாரி சிவப்புக்கல் வைத்த மோதிரம் என்பார். ‘செட் யுவர் மைண்ட் டு இட்’ என்றால் மனசு வை. மனசு வைத்தால் முடியும் என்று நாம் சொல்வதன் அச்சு அசல் இணை அது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ‘அழ வைத்தான்’, ‘சிரிக்க வைத்தாள்’ என்று இன்னொரு வினையோடு ஒட்டி ‘வை’ வருகிறதல்லவா? செட்டும் அப்படி வரும். ‘ஹிஸ் ரிமார்க் செட் மீ திங்கிங்’: அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஒரு பொருளை ஓரிடத்தில் கொண்டுபோய் இருத்தும் வினை, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கிளைவிட்டிருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. இந்தச் சாவி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதுதான் திறக்கும். திருப்பிப் போட்டால் பூட்டு உடையும். சாம்பார் வைப்பது, மீசை வைப்பது, பேர் வைப்பது, பொட்டு வைப்பது, இதில் எதுவும் செட் இல்லை. “மை மதர் செட் சாம்பார்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சாம்பார் கல்லாக உறைந்துவிட்டது என்றுதான் ஆங்கிலேயர் நினைப்பார்.

‘வை’ சரிவராத இடத்தில் ‘அமை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘செட் அப் எ கமிட்டி’, குழு அமை. ‘செட் டு மியூசிக்’, மெட்டமை. இந்த இரண்டு வினைகளோடு முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை கிளை? இதன் வேர் என்ன?

ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. பழைய ஆங்கிலத்தில் சித்தன், செத்தன் என்று இருந்த ஜோடி இது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். அமர் – அமர்த்து, இரு – இருத்து, உருள் – உருட்டு என்று தமிழில் இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது செத்துப்போய், ஒன்றிரண்டு எலும்புதான் மிச்சம். ‘லை’ என்றால் படு, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் ஃபெல்தான்.

இதைத் தமிழ் மாணவர்களுக்குச் சொல்வது எளிது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே ‘லை’, ‘லே’ குழப்பம் உண்டு. நமக்கு அந்தக் குழப்பம் வர நியாயமே இல்லை.

செட் என்றால் வைப்பது சரி. ‘தி சன் செட்ஸ்’ என்கிறார்களே, சூரியனை யார் எங்கே வைக்கிறார்கள்?

நல்ல கேள்வி. இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. சூரியன் தானே போய் அமர்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘செத்ல்’ என்றால் இருக்கை. மாலைப் பொழுதை அவர்கள் ‘செத்ல்கங்’ என்றார்கள், அதாவது இருக்கைக்குப் போதல். பகல் முழுக்க நடந்த சூரியன் தன் ஆசனத்துக்குப் போகிறது.

கிராமத்தில் நாம் ‘பொழுது அடையுற நேரம்’ என்போம். கோழி கூட்டில் அடைவதற்கும் அதே சொல். கோழியை விட்டு நகரும் முன் இன்னொன்று: கோழியை முட்டைமேல் உட்கார்த்தி அடை வைப்பதை ஆங்கிலக் குடியானவர்கள் ‘செட் எ ஹென்’ என்பார்கள். ஒரு கோழிக்கு அடை வைக்கும் முட்டைகளின் தொகை ‘எ செட்டிங் ஆஃப் எக்ஸ்’. பொழுதும் கோழியும் அங்கேயும் ஒரே சொல்லில்தான் அடைகின்றன.

இறந்தகாலத்தில் ‘செட்டட்’ என்று எழுதலாமா?

கூடாது. செட், செட், செட். மூன்று வடிவமும் ஒன்றே. ‘ட்’ ஒலியில் முடியும் சில பழைய வினைகள், இறந்தகால விகுதியைத் தமக்குள்ளேயே விழுங்கிவிட்டன: புட், கட், ஹிட், லெட், ஷட், காஸ்ட், ஹர்ட். நிகழ்காலமா இறந்தகாலமா என்பதைச் சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ‘ஹி செட் தி டேபிள்’ என்றால் இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் ‘செட்ஸ்’ என்று வந்திருக்கும்.

சிமெண்ட் செட் ஆகிவிட்டது என்று கொத்தனார் சொல்கிறார். முட்டுப் பலகையைப் பிரித்துவிடலாமா?

இது ஆங்கிலக் கேள்வியே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் தலையில் விழும். கட்டுமானத்தில் ‘செட்டிங்’ வேறு, ‘ஹார்டனிங்’ வேறு. குழைத்த கலவை தன் நெகிழ்வை இழந்து, அமுக்கினால் அமுங்காத நிலைக்கு வருவதுதான் செட்டிங். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் செட் ஆகி முடிந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. ரொம்ப வேகமாக இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையில் அரைக்கும்போதே ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

வலு ஏறுவது அதற்குப் பிறகு நாள்கணக்கில் நடப்பது. கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் அளக்கும் வழக்கம் அதனால்தான். சிமெண்ட் காய்ந்து இறுகுவதும் இல்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீர் ஊற்றிக் காப்பது ஏன் என்று இப்போது புரியும். ஆகவே செட் ஆகிவிட்டது என்ற சொல்லை நம்பிப் பலகையைப் பிரிக்காதீர்கள், பொறியாளரைக் கேளுங்கள்.

செட் தயிர், செட் தோசை இரண்டிலும் ஒரே செட்டா?

இல்லை. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிண்ணத்திலேயே கலங்காமல் உறையவிட்ட தயிர் ‘செட் தயிர்’. இங்கே செட் என்பது வினை, சிமெண்டின் தங்கை. ஜெல்லி உறைவதும் இதே செட்தான்.

கர்நாடகத்து ‘செட் தோசை’யில் எதுவும் உறையவில்லை. இரண்டோ மூன்றோ மெத்தென்ற தோசைகள் ஒரு தொகுப்பாகத் தட்டுக்கு வருகின்றன, அதனால் அந்தப் பெயர். சேலத்துத் தட்டுவடை செட்டும் இந்தக் குடும்பம்தான்: இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி. நம் பரோட்டாக் கடைகளில் பல இடத்தில் ஒரு செட் என்றால் இரண்டு. கேரளத்து ‘செட்டு முண்டு’ம் அப்படியே, உடுக்க ஒன்று, மேலே போட ஒன்று.

அப்படியானால் ‘தொகுப்பு’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

வேறு வீட்டிலிருந்து. லத்தீனில் ‘செக்தா’ என்றால் பின்பற்றுதல், பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ‘செக்ட்’, மதப் பிரிவு. இன்னொன்று ‘செட்’, கூட்டம், தொகுதி. ‘உட்கார வை’ என்ற பழைய வினையோடு உருவம் ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலப் பழகிவிட்டன. அகராதியில் பார்த்தால்தான் தாய் வேறு என்று தெரியும்.

இந்தக் ‘கூட்டம்’ என்ற பழைய வாசனை தமிழில் இன்னும் போகவில்லை. ‘அவன் எங்க செட்டு’ என்றால் என்னோடு படித்தவன். கரகாட்ட செட், பேண்டு செட் என்று ஆட்களின் குழுவுக்கும் சொல்கிறோம். லத்தீன்காரனைக் கேட்டால் இதுதான் சரியான பயன்பாடு என்பான்.

பொருள்களுக்கு வந்தால், பம்ப்செட் என்பது பம்பும் மோட்டாரும் சேர்ந்த ஜோடி. பல் செட், டீ செட், மைக் செட் எல்லாம் விளக்கம் தேவையில்லாதவை. ரேடியோவை ஏன் ‘செட்’ என்றார்கள் என்பது சிலருக்குப் புதிர். ஆரம்பகால வானொலி பல தனித்தனிப் பாகங்களின் தொகுப்பாக இருந்தது. அந்தப் பெயர் டிவிக்கும் ஒட்டிக்கொண்டது. டிவி செட்டின் தலைமேல் வைக்கும் பெட்டி ‘செட்-டாப் பாக்ஸ்’. இன்றைய டிவிக்கு ஒரு விரற்கடை தடிமன்கூட இல்லை, பெட்டியைத் தலைமேல் வைக்க வழியில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

கணக்கில் வரும் செட்டும் இந்தத் தொகுப்புதானா?

ஆமாம், ஆனால் கறாரான விதிகளோடு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ‘கணம்’. ஒன்பதாம் வகுப்பில் ‘கண மொழி’ என்றே ஒரு பாடம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘தொடை’. யாப்பிலக்கணத்துத் தொடையைப் படித்த காதுக்கு இலங்கைச் சொல் அழகாகவே ஒலிக்கிறது. பூக்களைத் தொடுப்பதும் தொடைதானே. இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மனியில் வாழ்ந்த கேயார்க் கேன்டர், ஆண்டு 1874. அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் ‘மெங்கே’.

வீட்டு டீ செட்டில் ஆறு கோப்பையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு. கணிதக் கணத்தில் ஒரே உறுப்பை ஆறு தடவை எழுதினாலும் ஒன்றுதான். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதும் நிரலில் ‘செட்’ பயன்படுத்தினால் இரட்டிப்புகள் தானாகக் காணாமல் போவது இதனால்தான். இன்னொன்று, வீட்டில் ஒன்றுமே இல்லாத டீ செட்டை யாரும் செட் என்று சொல்ல மாட்டார்கள். கணிதத்தில் வெற்றுக் கணத்துக்கு நல்ல மரியாதை உண்டு.

‘தி ஃபிலிம் இஸ் செட் இன் மதுரை’ என்று விமர்சனத்தில் படித்தேன். மதுரையில் செட் போட்டு எடுத்தார்கள் என்று பொருளா?

இல்லை. கதை மதுரையில் நடக்கிறது என்று பொருள். படம் பிடித்தது எங்கே என்பது தனிக் கதை. மதுரையில் நடக்கும் கதையை சென்னையில் செட் போட்டு எடுத்திருக்கலாம், நடப்பதுதான். அப்போது முதல் செட் ‘களம்’, இரண்டாவது செட் ‘அரங்கம்’. நாடக மேடையில் திரையும் தட்டியும் நிறுத்தி வைத்ததிலிருந்து வந்தது இரண்டாவது.

மொழிபெயர்ப்பில் ‘1980-களில் அமைக்கப்பட்ட படம்’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ‘1980-களில் நடக்கும் கதை’ என்று எழுதினால் போதும்.

நீதிமன்றச் செய்தியில் ‘செட் அசைட்’ என்றால் தீர்ப்பை ஒத்திவைத்தார்கள் என்றா?

இந்தத் தவறை நானே ஒரு முறை செய்திருக்கிறேன், நல்ல வேளை, அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீல் நண்பர் பிடித்தார். ‘செட் அசைட் தி ஆர்டர்’ என்றால் அந்த உத்தரவை ரத்து செய்தார். ‘ரிசர்வ்டு தி ஆர்டர்’ என்பதுதான் நம் செய்திகளில் வரும் ‘தேதி குறிப்பிடாமல் தீர்ப்பை ஒத்திவைத்தார்’. முன்னதில் தீர்ப்பு செத்துவிட்டது, பின்னதில் இன்னும் பிறக்கவே இல்லை.

எதிர்த்தரப்பு வராத நிலையில் ஒருதலையாகப் பிறந்த தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதியில் வருகிறது. அதுவும் செட் அசைட் மனுதான். ஆனால் சமையல் குறிப்பில் இதே தொடர் வந்தால் பயப்பட வேண்டாம். வறுத்த முந்திரியைத் தனியாக எடுத்து வை, அவ்வளவுதான். அலுவலகத்தில் பணத்தை செட் அசைட் செய்தால் ஒரு காரியத்துக்கென ஒதுக்கி வைப்பது.

சட்டத்தில் இன்னொரு தொடர் ‘செட் ஆஃப்’. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வது இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆவது பிரிவு. வருமான வரியில் ஒரு வகை நட்டத்தை இன்னொரு வருமானத்தில் ஈடுகட்டுவதற்கும் இதே பெயர்.

செட் இன், செட் அவுட், செட் ஆஃப், செட் பேக்… வாலில் ஒட்டும் சொற்களால் தலை சுற்றுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்காதீர்கள். ‘செட் இன்’ ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு நிகரான தமிழ் அத்தனை அழகு. ‘தி மான்சூன் ஹேஸ் செட் இன் ஓவர் கேரளா’ என்று வானிலைத் துறை அறிவிக்கும். வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டி. பத்திரிகைத் தமிழில் ‘பருவமழை தொடங்கியது’. நம் வாய்மொழியில் ‘மழை பிடிச்சுக்கிச்சு’. தூறிவிட்டு ஓடும் மழைக்கு அப்படிச் சொல்ல மாட்டோம் இல்லையா? வந்தது, உட்கார்ந்துவிட்டது, இப்போதைக்குப் போகாது என்ற தொனி. செட் இன் அதேதான். குளிர், இருட்டு, சீழ், சலிப்பு எல்லாம் இப்படிப் பிடித்துக்கொள்பவை.

‘செட் ஆஃப்’, ‘செட் அவுட்’ இரண்டும் கிளம்புவது. ஆஃப் என்பதில் கிளம்பிய கணம் முக்கியம்; அவுட் என்பதில் போகும் இடமோ நோக்கமோ முக்கியம். வெடியைக் கொளுத்துவதும் செட் ஆஃப். ‘செட் பேக்’ பின்னுக்குத் தள்ளுவது, பெயர்ச்சொல்லாக ஒட்டி எழுதினால் பின்னடைவு. வீட்டு வரைபடத்தில் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடத்துக்கும் செட்பேக் என்றே பெயர். நகராட்சி அலுவலகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள்.

‘இந்தியா இஸ் செட் டு…’ என்று தலைப்புகளில் வருவதைத் ‘தயாராக உள்ளது’ என்று மொழிபெயர்க்கலாமா?

பெரும்பாலும் கூடாது. ‘பிரைசஸ் ஆர் செட் டு ரைஸ்’ என்பதை ‘விலைகள் உயரத் தயாராக உள்ளன’ என்று எழுதினால் விலைவாசி சட்டையை மடித்துவிட்டு நிற்பது போல இருக்கிறது. ‘விலை உயரப் போகிறது’ அல்லது ‘உயரும் எனத் தெரிகிறது’. நாலு எழுத்தில் முடியும்.

ஓட்டப் பந்தயத்தில் ‘கெட் செட்’ என்பது?

உடம்பை நிலைக்குக் கொண்டுவந்து அசையாமல் வை. பள்ளி மைதானத்தில் ‘ஆன் யுவர் மார்க், கெட் செட், கோ’ என்று கத்துவோம். சர்வதேசப் போட்டிகளில் 400 மீட்டர் வரையான ஓட்டங்களுக்கு ‘ஆன் யுவர் மார்க்ஸ்’, ‘செட்’, பிறகு துப்பாக்கி. அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு நடுவில் செட் கிடையாது.

டென்னிஸ் செட் வேறு, அது ஆட்டங்களின் தொகுப்பு. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் ஆடிய ஐந்தாவது செட் 70–68 என்று முடிந்தது. அந்த ஆட்டம் முழுவதும் 11 மணி 5 நிமிடம், மூன்று நாளில் பரவியது. முடிவே இல்லாத அந்த வகைக் கடைசி செட்டுக்கு இப்போது இடமில்லை. 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கடைசி செட் 6–6 என்று வந்தால் பத்துப் புள்ளி டை-பிரேக், அதாவது சமநிலையை முறிக்கும் குறுகிய ஆட்டம்.

‘எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

செட் இல்லாமல். இது தமிழ்நாட்டில் விளைந்த செட், ஆங்கிலேயருக்குப் புரியாது. ஆளோடு ஒத்துப்போகவில்லை என்றால் ‘வி டோண்ட் கெட் அலாங்’. சட்டை பொருந்தவில்லை என்றால் ‘இட் டஸின்ட் சூட் மீ’. வேலை சரிப்படவில்லை என்றால் ‘இட் டிடின்ட் ஒர்க் அவுட்’. மூன்று ஆங்கிலத் தொடர் செய்யும் வேலையை நம் ‘செட் ஆகல’ ஒன்றே செய்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘எல்லாம் செட்டிங்’ என்று நாம் சொல்வதும் ஆங்கிலத்தில் அப்படியே போகாது; அங்கே ‘ஃபிக்ஸிங்’. ஒருவரைச் சிக்கவைக்கும் ‘செட்டப்’ மட்டும் இரு மொழிக்கும் பொது.

‘செட்டில் ஆயிட்டான்’ என்பதோடும் இதைக் குழப்புகிறார்கள். செட்டில் என்பது முன்னே பார்த்த ‘செத்ல்’, இருக்கையிலிருந்து வந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டான் என்பதே அதன் உட்பொருள். கல்யாணமும் சொந்த வீடும் அதில் சேர்வது நம் அத்தைமார்களின் உபயம்.

அமெரிக்காவில் கடையில் ‘ஆர் யூ ஆல் செட்?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

“வேண்டியதெல்லாம் ஆச்சா?” என்று கேட்கிறார்கள். ஆச்சென்றால் ‘யெஸ், தேங்க்ஸ்’. பை வேண்டுமா என்று கேட்கும்போது ‘ஐம் ஆல் செட்’ என்றால் ‘வேண்டாம், இருக்கட்டும்’. போன வருடம் மகளைப் பார்க்கப் போன ஒருவர், ஹோட்டலில் இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டதற்கு “ஆல் செட்” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, காபிக்காகக் காத்திருந்தாராம்.

‘செட்டர்’ நாய், எகிப்தியக் கடவுள் ‘செட்’, ஜியோமெட்ரி பாக்ஸில் ‘செட் ஸ்கொயர்’?

வேட்டைப் பறவையின் மோப்பம் கிடைத்ததும் பதுங்கிப் படுத்து நிலைக்கும் நாய் செட்டர், வினைச் செட். எகிப்துக்காரருக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை. செட் ஸ்கொயர் தமிழில் மூலைமட்டம்.

‘செட்டா குடும்பம் நடத்து’ என்று என் பாட்டி சொல்வார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. இது சுத்தத் தமிழ்ச் செட்டு. சிக்கனம் என்று பொருள், வணிகம் என்ற பொருளும் உண்டு. கட்டுசெட்டாக இருப்பது, செட்டாகச் செலவழிப்பது என்றெல்லாம் வழக்கு. பேத்தியின் காதுக்கு அது ‘செட் ஆகிற மாதிரி’ என்று கேட்டால் பாட்டி பொறுப்பல்ல. பாட்டி சொன்னது இதுதான்: பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிய பிறகு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்று.